பருப்பு டின்னும் ஃப்ளோரன்ஸ் பாலமும்

நாகரத்தினம் விடுமுறைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். டெக்சஸில் ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. வருடா வருடம் ஜூன் மாதம் கோபிசெட்டிபாளையம் போய், முகம் தெரியாத சொந்தக்காரர்களின் கல்யாணங்களில் பட்டுச்சேலையோடு வியர்த்து உட்கார்ந்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வருவதைத்தான் அவள் விடுமுறை என்று நினைத்திருந்தாள்.

இந்த வருடம் அவள் கணவர் கிட்டுசாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரே மகள் ரோஷினி, "அப்பா, யூ டிசர்வ் இட்" என்று சொல்லி, இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்தாள். மூன்று வாரம் முடிகிற சமயத்தில், இன்னும் இரண்டு வாரம் இருங்களேன் என்றாள். அதுவும் முடிகிற சமயத்தில் இன்னொரு மூன்று வாரம். பெற்ற மகள் இப்படித் தாங்குகிறாளே என்று கிட்டுசாமி ஃபிரிஸ்கோவின் அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் எழுதினார். படித்தவர்கள் எல்லோரும் அவரவர் பிள்ளைகளைத் திட்டினார்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு காலத்தில் ஃபிரிஸ்கோவில் அவளுக்கு எதிர்வீடு. இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே காலை எட்டு மணி, அங்கே மதியம் மூன்று அடித்தால் அவள் போன் வந்துவிடும். நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஃப்ளோரன்ஸ் நகரத்தின் மீதான அன்றைய குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டுவிடும். அதைத் தயாரிப்பவர் கிட்டுசாமி.

அவர் முப்பது வருடம் ஒரு டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்தவர். குறை கண்டுபிடிக்காமல் எதையும் விடக்கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். ஊர் நடுவில் இருக்கிற பெரிய மாதா கோயிலைக் கட்டி முடிக்க நூற்று நாற்பது வருடம் ஆனது என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னபோது, "புராஜெக்ட் மேனேஜர் யாருங்க?" என்று கேட்டார். உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற பளிங்குச் சிலையை மூன்று முறை சுற்றி வந்து, தலையும் கையும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரிதாக இருக்கின்றன, ரிலீசுக்கு முன்னால் யாரும் கவனிக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தார். அவர்கள் தங்கியிருந்த வீடு ஐநூறு வருடப் பழசு, நான்காவது மாடி, அறுபத்தெட்டுப் படி, லிஃப்ட் கிடையாது. ஃபிரிஸ்கோவில் பதினைந்து வருடம் தாண்டிய வீட்டையே இடித்துக் கட்டலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இது ஒரு பெரிய அதிர்ச்சிதான்.

நாகரத்தினத்துக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. ஆர்னோ ஆற்றின் மேல் ஒரு பழைய பாலம் இருக்கிறது. பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக நகைக்கடைகள். அவள் தினமும் அங்கே போவாள். வாங்குவதற்கு அல்ல, திட்டுவதற்கு.

"பதினெட்டு கேரட்டாமா! இதப் போட்டுட்டு நம்மூர்ல ஒரு வளைகாப்புக்குப் போக முடியுமா? மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுருவாளுக" என்பாள்.

அவள் நகையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. வருகிற தை மாதம் கோயம்புத்தூரில் ரோஷினிக்கும் ரோஹன் என்கிற பையனுக்கும் கல்யாணம். ரோஷினிக்கு முப்பத்திரண்டு வயது. நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் டைரக்டர். டைரக்டர் என்ற சொல்லைக் கிட்டுசாமி உச்சரித்த அளவுக்கு அந்தக் கம்பெனியே உச்சரித்திருக்காது. மருமகனுக்கு என்று தோல் பெல்ட் வாங்கப் பதினோரு கடை ஏறி இறங்கினார்.

ஆயிற்று, எட்டாவது வாரம் வந்தது. சனிக்கிழமை விமானம். அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் பக்கத்துவீட்டு வான்மதியிடமிருந்து நாகரத்தினத்துக்கு ஒரு செய்தி வந்தது. "அக்கா, உங்க வீட்டு கிச்சன்ல லைட் எரியுது. டைமர் போட்டிருக்கீங்களா?"

வான்மதியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவளை நாங்கள் ஊர் ரேடியோ என்றுதான் சொல்வோம். யார் வீட்டு வாசலில் எந்தக் கார் எத்தனை மணி வரை நின்றது என்பது அவளுக்கு மனப்பாடம். அவள் ஒரு கேள்வி கேட்டால் பதில் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது என்று அர்த்தம்.

நாகரத்தினம் டைமர் எதுவும் போடவில்லை.

கிட்டுசாமி பதறவில்லை. "கேமரா எதுக்குடி இருக்குது?" என்று போனை எடுத்தார். வாசலில், பின்பக்கம், கராஜில் என்று மூன்று கேமரா மாட்டியிருந்தார். மூன்றும் ஆஃப்லைன். நாற்பத்தெட்டு நாளாக ஆஃப்லைன். நூற்று நாற்பது வருடத் தாமதத்துக்குக் கணக்குக் கேட்ட மனிதர், தன் வீட்டுக் கேமராவை நாற்பத்தெட்டு நாளாகத் திறந்தே பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த வாரம்தான் பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு இந்தியர் வீடுகளில் தங்கம் திருடுபோயிருந்தது.

"போனா என்ன போகும்? டிவி போகும். நகையெல்லாம் சேஃப்ல இருக்குது. அத அசைக்கவே நாலு ஆளு வேணும்" என்றார் கிட்டுசாமி. சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி அது. நம்பரும் ரகசியம்தான். புதிதாக வாங்கியபோது வீட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் திறந்து காட்டினார் என்பதைத் தவிர.

அன்று மதியம் எனக்குப் போன் செய்தபோது நாகரத்தினத்தின் குரல் சரியில்லை. "உனக்கு மட்டும் சொல்றேன். அது சேஃப்ல இல்ல" என்றாள்.

"எது?"

"ரோஷினி நகை. மொத்தமும். தொவரம்பருப்பு டின்னுக்கு அடியில இருக்குது."

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே நம் வீடுகளில் தங்கம் இருக்கிறது என்பது திருடர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். நேராக பெட்ரூம் அலமாரிக்குப் போவார்கள், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். அதனால் நம் பெண்கள் தங்கத்தைத் தங்கம் இருக்க வேண்டிய இடத்தில் வைப்பதில்லை. ஒருத்தி ஃப்ரீசரில் மாவு டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறாள். இன்னொருத்தி கிறிஸ்துமஸ் மர அட்டைப்பெட்டியில். என்னுடையது எங்கே என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நாகரத்தினம் தன் பங்குக்கு, பாலிதீன் பையில் சுற்றி எவர்சில்வர் டின்னின் அடியில் வைத்து, மேலே பத்து பவுண்டு துவரம்பருப்பைக் கொட்டி வைத்திருந்தாள். திருடனுக்குப் பருப்பு தேவைப்படாது. கணவருக்குப் பருப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மகள் சாலட் தின்கிறவள். இதைவிடப் பாதுகாப்பான பெட்டகம் உலகத்தில் உண்டா?

"ஒவ்வொரு பொறந்தநாளைக்கும் ஒண்ணு ஒண்ணா வாங்கினது. மொதல் வருசம் வாங்குன காப்பு என்ற கட்டை வெரல்லகூட நொழையாது. அது போயிருச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவளக் கட்டிக்குடுக்கறது?" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

வான்மதியை உள்ளே போய்ப் பார்க்கச் சொல் என்றேன். கராஜ் கதவைத் திறக்கிற நம்பர் அவளுக்குத் தெரியும்.

"அவகிட்டயா? டின்னத் தூக்கிப் பாருன்னு சொன்னா சாயந்திரத்துக்குள்ள ஃபிரிஸ்கோ முச்சூடும் தெரிஞ்சுரும்."

அதனால் வான்மதிக்கு, "ஆமாங்க, டைமர்தான்" என்று பதில் அனுப்பினாள். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். தங்கத்தை ஊரிலிருக்கிற பாரியூர் அம்மன் காப்பாற்ற வேண்டியதுதான்.

பிறகு ரோஷினியைக் கூப்பிட்டாள். நகையைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டில் லைட் எரிகிறதாம், ஒரு வீக்எண்ட் விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாயா கண்ணு என்று மட்டும் கேட்டாள். ரோஷினி வீடியோ போடவில்லை, போனில் கேமரா ரிப்பேர் என்றாள். ஆபீசில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்றாள். "டோன்ட் வொர்ரி அம்மா, இட்ஸ் நத்திங்" என்றாள். பொறுப்பான டைரக்டர் அப்படித்தான் சொல்வாள்.

செவ்வாயும் புதனும் ஃப்ளோரன்ஸில் யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை. நாகரத்தினம் பாலத்துக்குப் போனாள். கடைக் கண்ணாடிக்குள் பார்க்க முடியாமல் திரும்பி வந்தாள். பெரிய கோயிலுக்குள் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அங்கே இருந்த மாதாவிடம், நீங்களும் ஒரு பெண்பிள்ளை, எங்கள் அம்மனிடம் கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்று வேண்டிக்கொண்டாளாம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே சாமி கும்பிட்டது அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை காய்கறிப் பையோடு படியேறும்போது அவளால் தாங்க முடியவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"சேஃப்ல இல்லியா?" என்றார் கிட்டுசாமி.

"சேஃப்ல அந்த சேஃபோட வாரண்டி கார்டுதான் இருக்குதுங்க."

அவர் மீதி இரண்டு மாடியும் ஏறினார். பூட்டைத் திறந்தார். தண்ணீர் குடித்தார். "நாலு வருசமா காலியான பொட்டிக்கா நான் பாட்டரி மாத்திட்டிருக்கறேன்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு வலித்தது திருட்டு அல்ல. தன்னிடம் சொல்லவில்லையே என்பது.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். மாலை ஐந்து மணி இருக்கும். டெக்சஸில் காலை பத்து. இருவரும் பாலத்தின் நடுவில் கடைகள் இல்லாத இடத்தில் நின்றார்கள். ஆறு மஞ்சளாக ஓடியது. கிட்டுசாமி போனை எடுத்து, அவர்கள் மூன்று பேர் மட்டும் இருக்கிற குடும்பக் குழுவில் எழுதினார். "ஃபிரிஸ்கோ போலீசைக் கூப்பிடப் போகிறேன். யாரோ உள்ளே இருப்பதாகச் சந்தேகம். தேவைப்பட்டால் கதவை உடைத்து உள்ளே போகச் சொல்லப்போகிறேன்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ரோஷினி கூப்பிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ், டோன்ட் கால் த காப்ஸ்."

"ஏன் கண்ணு? வூட்டுல அம்மாவோட…"

"கோல்ட் இஸ் சேஃப், அப்பா. அம்மாகிட்ட சொல்லுங்க. ஐ ஹேவ் இட்."

கிட்டுசாமி அந்தப் பாலத்தில் வைத்து இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். ஒரு ஜப்பானியத் தம்பதி விலகி வழி விட்டது. "நகை பத்திரமா இருக்குதாமா ரத்தினம்! அவகிட்டத்தான் இருக்குதாமா!"

நாகரத்தினம் கும்பிடவில்லை. அப்படியே நின்றாள். நகை எங்கே இருக்கிறது என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, எனக்கு, நேற்றிலிருந்து கணவருக்கு. ரோஷினிக்கு யாரும் சொல்லவில்லை. டின்னின் அடியில் கை பட வேண்டுமென்றால் மேலே இருக்கிற பருப்பு தீர வேண்டும். பத்து பவுண்டு. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி. அவள் முப்பத்தைந்து வருடமாகப் பருப்பு வேக வைக்கிறவள். இதற்கெல்லாம் கால்குலேட்டர் வேண்டாம்.

போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு. பருப்பு தீந்துபோச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததையும் கேட்டாள்.

"எத்தன நாளா நம்ம வூட்டுல இருக்கற?"

ரோஷினிக்குத் தமிழ் புரியும். பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு ஆங்கிலமும் வரவில்லை. அழுகைதான் வந்தது. எல்லாம் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது. வேலை போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. அடுத்த மாதமே ரோஹனும், தனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் வேண்டும் என்று போய்விட்டான். அபார்ட்மென்டைக் காலி செய்துவிட்டாள். பெற்றவர்கள் ஃப்ளோரன்ஸ் போன நான்காம் நாள் ஃபிரிஸ்கோ வந்து கேமராக்களைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் படுத்தாள். மூன்று வாரத்தில் சரியாகிவிடும், வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. அதனால் இன்னும் இரண்டு வாரம். அதற்குமேல் இன்னும் மூன்று.

கார் சாவி இருந்தது. ஆனால் காரை எடுத்தால் அப்பாவின் போனுக்குத் தகவல் போகும். டெலிவரிக்குச் சொன்னால் பை வாசலில் கிடக்கும், ஆன்ட்டிகள் பார்ப்பார்கள். இந்தியக் கடைக்குப் போனால் அங்கே வரிசையில் நிற்கிற எல்லோருமே ஆன்ட்டிகள். ஆகவே வீட்டில் இருந்ததைத் தின்றாள். அரிசி, பருப்பு, பெருங்காயம். எப்படிச் செய்வது என்று போனில் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா எல்லார்கிட்டயும் டைரக்டர்னு சொல்லியிருக்காரு. ஐ குடுன்ட் டூ தட் டு ஹிம்" என்றாள். பிறகு, "ரைஸும் நேத்தோட முடிஞ்சுடுச்சும்மா" என்றாள். முழுசாகத் தமிழில்.

கிட்டுசாமி பாலத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானுந்தான் டைரக்டரு டைரக்டருன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டுத் திரிஞ்சேன். எங்கிட்டப் பேசோணும்னா புள்ளைக்கு எப்பிடி வாய் வரும்?" என்றார். அந்த மனிதர் வாழ்நாளில் தன்னிடமே கண்டுபிடித்த முதல் குறை அதுதான் என்று நினைக்கிறேன். நான் இவ்வளவு நேரம் அவரைக் கிண்டல் செய்தேன். இந்த இடத்தில் முடியவில்லை.

விமானம் மறுநாள். போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும். அதுவரை அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் சோறு வேண்டும். நானோ நாலரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் ஆள்.

நாகரத்தினம் வான்மதியைக் கூப்பிட்டாள். முகவுரை எதுவும் இல்லை.

"வான்மதி, நான் பொய் சொல்லிட்டேனுங்க. டைமர் இல்ல. உள்ள இருக்கறது எம் பொண்ணு. வேல போயிருச்சு. கல்யாணமும் இல்ல. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கங்க. மொதல்ல அவளுக்கு ஒரு தட்டு சோறு குடுங்க."

"அக்கா, எனக்கு ஒரு மாசமாத் தெரியும்" என்றாள் வான்மதி. "ஒருநாள் டிராஷ் வைக்கக் கராஜ் பக்கம் வந்தா. என்னப் பாத்துட்டு அப்படியே உள்ள ஓடிட்டா. அந்த மூஞ்சியப் பாத்தப்புறம் யார்கிட்டயும் வாய் திறக்கத் தோணல. ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் உங்க குப்பைத் தொட்டிய நான்தான் ரோட்டுக்குத் தள்ளிட்டுப் போய் வச்சுட்டு, திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன், அவ வெளிய வர வேண்டியிருக்கக் கூடாதேன்னு. நீங்க ரெண்டு பேரும் ஊருக்கு வர்றதுக்குள்ள உங்க காதுல போட்டுடணும்னுதான் லைட்டப் பத்திக் கேட்டேன். டைமர்னு சொல்லிட்டீங்க. சரி, உங்களுக்குத் தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு விட்டுட்டேன்."

நாங்கள் ஊர் ரேடியோ என்று பெயர் வைத்தவள் ஒரு மாதமாக ஒலிபரப்பை நிறுத்தி வைத்திருந்தாள். அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

"லைன்லயே இருங்கக்கா" என்றாள் வான்மதி. இத்தாலியில் ஒரு பாலத்தின் மேல் நின்றுகொண்டு நாகரத்தினமும் கிட்டுசாமியும் போனைக் காதில் சேர்த்து வைத்துக் கேட்டார்கள். பாத்திரம் மூடுகிற சத்தம். செருப்புச் சத்தம். பிறகு அவர்கள் வீட்டு வாசல் மணி. யாரும் திறக்கவில்லை. மறுபடி மணி. "ரோஷினி, நான் ஒருத்திதான் வந்திருக்கேன்."

வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. வான்மதி, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

"இட்லி சூடா இருக்கு. தட்டு எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்றாள்.